சங்கம் மூடப்பட்டால் எங்கள் சேமிப்பு என்னவாகும்?

கூட்டுறவுச் சட்டம்: குழுவாகப் படிப்பதற்கு ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றோடு ஒரு சிறு புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருக்கின்றன. ஊரிலிருந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்புப் புத்தகம் அது. வெங்காயமும் மிளகாயும் நெல்லும் விற்ற காசில் மாதாமாதம் போட்ட பணம் அதில் எழுதப்பட்டுள்ளது.

“ஊரே இல்லை, இனிச் சங்கம் எங்கே? அந்தக் காசு போனது போனதுதான்” என்று சொல்வோர் எம்மிடையே உண்டு. “சங்கம் இல்லை, ஆகவே நான் எடுத்த கடனும் இல்லை” என்று சொல்வோரும் உண்டு. இரண்டு பேச்சும் சட்டத்தின்படி சரியல்ல. கூட்டுறவுச் சங்கமொன்று எப்படி முடிவுக்கு வருகிறது, அதன் பணம் எந்த ஒழுங்கில் பங்கிடப்படுகிறது, தூரத்தில் வாழும் அங்கத்தவர் தமது உரிமையை எவ்வாறு காத்துக்கொள்வது என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. சங்கம் யாருடையது?

வங்கியில் பணம் போடுபவர் வங்கியின் வாடிக்கையாளர். கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போடும் அங்கத்தவரோ சங்கத்தின் சொந்தக்காரருமாவார். எனவே அவருக்குச் சங்கத்தோடு மூன்று வகையான தொடர்பு இருக்கலாம்.

முதலாவது, பங்குப் பணம். இது சொந்தக்காரராக அவர் இட்ட முதல். இரண்டாவது, சேமிப்பு அல்லது வைப்புப் பணம். இது சங்கம் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். மூன்றாவது, சங்கத்திடம் அவர் பெற்ற கடன். இது அவர் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியது.

சங்கம் நன்றாக நடக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சங்கம் மூடப்படும்போது இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே உங்கள் புத்தகத்தை எடுத்து, பங்கு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, கடன் மீதி எவ்வளவு என்று மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மீதிப் பாடத்தை அந்த மூன்று வரியோடு படியுங்கள்.

2. முடங்குவது வேறு, முடிவது வேறு

இலங்கையில் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் பல மாற்றங்களின் பின் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் ஆக்கப்பட்டது. இப்பாடம் அந்தச் சட்டம் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் மாகாணசபையின் பொறுப்பு. மாகாணசபை தனது நியதிச்சட்டத்தால் மாற்றங்கள் செய்யவும் முடியும். ஆகவே இங்கு கூறும் தவணைகளை உங்கள் மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திலும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சட்டத்தில் எமக்கு மிக முக்கியமான விதி இது: பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கத்தைப் பதிவாளரின் கட்டளையின்றி முடிவுறுத்த முடியாது. கட்டிடம் இடிந்தாலும், தலைவரும் செயலாளரும் வெளிநாடு போய்விட்டாலும், பத்து வருடம் கூட்டம் நடக்காவிட்டாலும், சங்கம் தானாக இறந்துவிடாது. அது முடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதன் பெயரில் வங்கியில் பணமிருந்தால் அது சங்கத்தின் பணமே. அதற்குக் காணி இருந்தால் அது சங்கத்தின் காணியே. நீங்கள் இன்னும் அதன் அங்கத்தவரே.

முடங்கிய சங்கத்தை மீண்டும் இயக்குவதற்கும் வழியுண்டு. அங்கத்தவரில் மூன்றிலொரு பங்கினருக்குக் குறையாதோர் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் அமைப்பு, நடப்பு, பணநிலை பற்றி விசாரணை நடத்த வேண்டும். செயற்குழு தன் கடமையைச் செய்யவில்லையெனில் அதைக் கலைத்துவிட்டு, சங்கத்தை நடத்த வேறொருவரை நியமிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. இது சங்கத்தை மூடுவதல்ல, கை மாற்றுவது. “செயற்குழு கலைக்கப்பட்டது” என்ற செய்தியைக் கேட்டுச் “சங்கம் கலைக்கப்பட்டது” என்று எண்ணிவிடக் கூடாது.

3. பதிவு இரத்து

சங்கம் இனி நடக்காது என்று பதிவாளர் கருதினால் அதன் பதிவை எழுத்து மூலம் இரத்துச் செய்யலாம். விசாரணையின் அல்லது பரிசோதனையின் பின் அவர் அவ்வாறு செய்யலாம். அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் விண்ணப்பித்தாலும் செய்யலாம். அங்கத்தவர் தொகை சட்டம் கேட்கும் அளவிலும் குறைந்துபோனாலும் பதிவு இரத்தாகலாம். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த இடங்களில் இந்தக் கடைசிக் காரணம் கவனிக்க வேண்டியது.

விசாரணையின் பின்னரோ விண்ணப்பத்தின் பேரிலோ இடப்படும் கட்டளை உடனே நடைமுறைக்கு வருவதில்லை. கட்டளையிடப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் எந்தவோர் அங்கத்தவரும் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஒருவர் செய்தாலே போதும். மேன்முறையீடு இருந்தால், அமைச்சர் உறுதிப்படுத்தும் வரை கட்டளை நடைமுறைக்கு வராது. எவரும் மேன்முறையீடு செய்யாவிட்டால் இரண்டு மாத முடிவில் அது நடைமுறைக்கு வரும்.

4. ஒழிப்பாளரின் வேலை

பதிவு இரத்தானதும் சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக இருப்பது நின்றுவிடும். அதன் கணக்கைத் தீர்க்கப் பதிவாளர் ஒருவரை அல்லது பலரை நியமிக்கிறார். இவரே ஒழிப்பாளர். கடன்களை அறவிடுதல், சொத்துக்களைக் கையேற்று விற்றல், கொடுக்கவேண்டியதைக் கொடுத்தல், கணக்கை மூடுதல் என்பன அவருடைய வேலை.

சங்கத்தின் புத்தகங்களையும் பணத்தையும் அவர் கையேற்கிறார். வழக்குத் தொடுக்கவும், வழக்குக்கு முகங்கொடுக்கவும், இணக்கத்துக்கு வரவும் அவருக்கு அதிகாரமுண்டு. கடன்கொடுத்தோரில் எவருக்கு முன்னுரிமை என்பதையும் அவர் தீர்மானிக்கிறார்.

இடம்பெயர்ந்தோர் அறியவேண்டிய அதிகாரம் இன்னொன்று. ஒழிப்பாளர் ஒரு நாளைக் குறித்து அறிவித்தல் விடுவார். சங்கப் புத்தகத்தில் ஏற்கெனவே பதியப்படாத பணத்துக்கு உரிமை கோருவோர், அந்த நாளுக்கு முன் தமது கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர், தமது கோரிக்கையை நிரூபிப்பதற்கு முன் நடைபெறும் எந்தப் பங்கீட்டிலும் சேர்க்கப்படமாட்டார்.

“என்னுடைய கணக்குப் புத்தகத்தில் பதிந்திருக்கும்தானே, நான் ஏன் கோர வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். அமைதியான ஊரில் அது சரியான கேள்வி. ஆனால் எமது பகுதிகளில் எத்தனையோ சங்கங்களின் பேரேடுகள் எரிந்தும் கறையானரித்தும் போயின. பேரேடு இல்லாத இடத்தில் உங்கள் கையிலுள்ள சேமிப்புப் புத்தகமே சாட்சி. ஆகவே பதிந்திருக்கும் என்று நம்பியிராமல், எல்லோரும் எழுத்தில் கோருவதே பாதுகாப்பு.

ஒழிப்பாளர் தன்னிச்சையாக நடக்க முடியாது. அவர் பதிவாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். பதிவாளர் அவருடைய கட்டளையை மாற்றலாம், கணக்குக் கேட்கலாம், பதவியிலிருந்து நீக்கவும் செய்யலாம். ஆகவே ஒழிப்பாளரின் முடிவில் குறையிருந்தால் பதிவாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

5. பணம் பங்கிடப்படும் ஒழுங்கு

சேமநிதி உட்பட, சேர்ந்த பணம் முழுவதும் சட்டம் சொல்லும் வரிசைப்படியே செலவிடப்பட வேண்டும்.

முதலில்: ஒழிப்பு வேலையின் செலவு.
இரண்டாவது: சங்கம் கொடுக்கவேண்டிய கடன்கள். மக்களின் சேமிப்பும் வைப்பும் இதில் அடங்கும்.
மூன்றாவது: அங்கத்தவரின் பங்குப் பணம்.
நான்காவது: உபவிதிகள் இடமளித்தால், இலாபம் பங்கிடப்படாத காலத்துக்கு ஓரளவு பங்கிலாபம்.

இவ்வளவுக்கும் பின் மிஞ்சும் பணத்தை அங்கத்தவர் தமக்குள் பிரித்துக்கொள்ள முடியாது.

இதைக் கணக்கில் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்த கணக்கு. ஒரு சங்கத்துக்கு வங்கியில் 350,000 ரூபா இருக்கிறது. கட்டிடமும் தளபாடமும் விற்று 250,000 ரூபா வந்தது. அங்கத்தவர் கொடுக்கவேண்டிய கடன் 1,200,000 ரூபா. அதில் 700,000 ரூபாவையே ஒழிப்பாளரால் அறவிட முடிந்தது. மொத்தம் 1,300,000 ரூபா. செலவு 100,000 ரூபா போக, 1,200,000 ரூபா எஞ்சியது.

சங்கம் கொடுக்கவேண்டியதோ வெளிக்கடன் 300,000 ரூபாவும் மக்களின் சேமிப்பு 1,200,000 ரூபாவும், ஆக 1,500,000 ரூபா. எல்லோருக்கும் சம உரிமை என்று கொண்டால் ஒவ்வொரு ரூபாவுக்கும் 80 சதம் கிடைக்கும். 10,000 ரூபா சேமித்தவருக்கு 8,000 ரூபா. பங்குப் பணம் 200,000 ரூபா இருந்தது. அதற்கு ஒரு சதமும் இல்லை.

அறவிட முடியாதுபோன 500,000 ரூபாவும் வந்திருந்தால்? செலவு போக 1,700,000 ரூபா இருக்கும். கடன்களும் சேமிப்புகளும் முழுமையாகத் தீரும். மிகுதி 200,000 ரூபாவில் பங்குப் பணமும் முழுமையாகத் திரும்பும். ஒருவருக்கும் நட்டமில்லை.

இக்கணக்கு சொல்வதென்ன? அயலவர் திருப்பிக் கொடுக்காத கடன்தான் உங்களுக்குக் கிடைக்காத சேமிப்பு. சங்கத்துக்கென்று தனியாக ஒரு பணப்பெட்டி இல்லை. ஒருவர் போட்ட காசே மற்றவருக்குக் கடனாகப் போயிருக்கிறது.

6. கடன்பட்டவர்களின் நிலை

சங்கம் மூடப்படுவதால் கடன் அழிவதில்லை. அறவிடும் உரிமை ஒழிப்பாளருக்குப் போகிறது. பிணை நின்றவரின் பொறுப்பும் நீங்குவதில்லை. அதேவேளை, கடன்பட்டவருக்கும் சில பாதுகாப்புகள் உண்டு.

ஒருவருக்குச் சேமிப்பும் கடனும் சேர்ந்திருந்தால், சேமிப்பைக் கடனுக்கு ஈடாகக் கழிக்கலாம். 10,000 ரூபா சேமிப்பும் 6,000 ரூபா கடன் மீதியும் உள்ளவர், 4,000 ரூபா பெறவேண்டியவராகிறார். இதைக் கேட்காமல் முழுக் கடனையும் கட்டிவிட்டுச் சேமிப்புக்காகக் காத்திருப்பது நட்டமாக முடியலாம்.

தோட்டமும் கிணறும் மாடும் இழந்து வந்தவர் ஒரே தடவையில் கட்ட முடியாது. ஒழிப்பாளருக்கு இணக்கத்துக்கு வர அதிகாரமுண்டு. வட்டியைக் குறைத்துத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு, வருமான நிலையை விளக்கி எழுதலாம். ஒளிந்திருப்பதிலும் பார்க்க எழுதிக் கேட்பது நல்லது. கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

7. கடன் எங்கள் தலையில் விழுமா?

சங்கங்கள் வரையறுத்த பொறுப்புடனோ வரையறாப் பொறுப்புடனோ பதியப்படுகின்றன. வரையறுத்த பொறுப்புள்ள சங்கத்தில், அங்கத்தவர் தமது பங்கின் பெறுமதிக்கு மேல் சங்கத்தின் கடனுக்காகக் கொடுக்கவேண்டியதில்லை. வரையறாப் பொறுப்புள்ள சங்கத்திலோ, சொத்துக்கள் போதாவிட்டால் அங்கத்தவர் ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒழிப்பாளர் தீர்மானிக்கலாம். விலகிய அங்கத்தவரிடமும் இறந்தவரின் ஆதனத்திடமும்கூட, சட்டம் வரையறுத்த காலம்வரை, அவர் கேட்கலாம்.

பழைய கடனுதவுச் சங்கங்கள் பல வரையறாப் பொறுப்புடன் தொடங்கப்பட்டவை. ஜேர்மனியில் ரைபைசன் என்பவர் கமக்காரருக்காக அமைத்த சங்கங்களின் வழி இது. அடகு வைக்க எதுவுமில்லாத ஏழைகள், ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்பதையே ஈடாகக் காட்டினார்கள். உங்கள் சங்கம் எவ்வகை என்பதை அதன் உபவிதிகளிற் பார்க்கலாம். புதிதாகச் சங்கம் அமைப்போர் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே.

8. அரசாங்கக் காப்புறுதி உண்டா?

வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்காக இலங்கை மத்திய வங்கி 2010இல் வைப்புக் காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கியது. ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இத்திட்டம் மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனங்களுக்கு உரியது. கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்பு இதில் அடங்காது.

வேறு நாடுகளில் அங்கத்தவருக்குச் சொந்தமான கடன் சங்கங்களையும் இவ்வாறு காப்பதுண்டு. ஸ்கொட்லாந்தில் 1869இல் தொடங்கப்பட்ட டன்பேர்ம்லின் என்ற வீட்டுக்கடன் சங்கம், வர்த்தகக் கட்டிடங்களுக்கு வழங்கிய கடன்களால் நட்டப்பட்டு 2009இல் விழுந்தது. அவ்வருடம் பிரித்தானியாவில் வந்த புதிய வங்கிச் சட்டத்தின்படி, மக்களின் சேமிப்புகளும் கிளைகளும் மார்ச் 30ஆம் திகதி இன்னொரு பெரிய சங்கத்துக்கு மாற்றப்பட்டன. சேமித்தவர்களுக்கு நட்டமில்லை. மோசமான கடன்கள் மட்டும் விசேட நிர்வாகியிடம் விடப்பட்டன. அங்கே சிறு சேமிப்பாளரைச் சட்டம் முதலில் கரையேற்றியது. எமது சங்கங்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லாதபடியால், அங்கத்தவரின் விழிப்பே எமக்குள்ள காப்புறுதி.

9. நாம் செய்யவேண்டியவை

அ) சேமிப்புப் புத்தகம், பங்குச் சான்றிதழ், பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் அங்கத்துவ இலக்கம், ஏறக்குறைய இருந்த தொகை, அதை அறிந்த இரு அங்கத்தவரின் பெயர் ஆகியவற்றை இன்றே எழுதிவையுங்கள்.

ஆ) ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கெங்கே வாழ்கிறார்கள் என்று பட்டியல் தயாரியுங்கள். விசாரணை கேட்பதற்கு மூன்றிலொரு பங்கினர் தேவை. பட்டியலின்றி அது முடியாது.

இ) மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உங்கள் இன்றைய விலாசத்தை அதில் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஊரில் ஒட்டப்படும் அறிவித்தல் உங்கள் கண்ணிற் படாது.

ஈ) பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

உ) இறந்த அங்கத்தவரின் பணத்தை அவர் பெயர் குறித்த பின்னுரித்தாளி கோரலாம். காணாமற்போனவரின் குடும்பத்தினர், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாவிட்டால், 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதைக் கடிதத்துடன் இணையுங்கள்.

ஊ) கணக்கு மூடப்பட்ட பின்னும் எவருக்காவது கொடுக்கவேண்டியது எஞ்சியிருந்தால், மூடப்பட்ட செய்தி வர்த்தமானியில் வெளியாகும். அன்றிலிருந்து இரண்டு வருடம் கடந்தால் கோரிக்கை செல்லாது. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ வர்த்தமானி பற்றிக் கேட்டு வாருங்கள்.

மாதிரிக் கடிதம்

“ஐயா, நான் ......... கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர். அங்கத்துவ இலக்கம் ......... . ......... ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, இப்போது ......... என்ற விலாசத்தில் வசிக்கிறேன். எனது பங்கு ......... ரூபா, சேமிப்பு ......... ரூபா, கடன் மீதி ......... ரூபா. சங்கத்தின் பதிவு இரத்துச் செய்யப்பட்டுள்ளதா, ஒழிப்பாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா, கோரிக்கைக்கான இறுதித் திகதி எது என்பவற்றை அறியத்தருமாறு வேண்டுகிறேன். இக்கடிதத்தை எனது கோரிக்கையாகவும் பதிவுசெய்யவும். சேமிப்புப் புத்தகத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.”

கடிதத்தின் பிரதியையும் தபாலகப் பற்றுச்சீட்டையும் சேமிப்புப் புத்தகத்தோடு வையுங்கள்.

தொகை சிறிதென்று விட்டுவிடாதீர்கள். நூறு குடும்பங்கள் தனித்தனியே விட்டுவிடும் சிறு தொகைகள் சேர்ந்தால், அது ஒரு கிராமம் மீண்டும் விதைப்பதற்கான முதல். பழைய சங்கத்தை மீண்டும் இயக்குவதா, மூடிக் கணக்குத் தீர்ப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையிலும் உங்களுக்குப் பங்குண்டு. நீங்கள் பேசாதிருந்தால் அத்தீர்மானம் நீங்கள் இல்லாமலே எடுக்கப்படும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பழைய சங்கம் முடங்கியிருக்கிறதா, பதிவு இரத்தாகிவிட்டதா? எமக்கு எப்படித் தெரியும்?
2. அது வரையறுத்த பொறுப்புள்ளதா, வரையறாப் பொறுப்புள்ளதா?
3. எம்மில் எத்தனை பேரிடம் சேமிப்புப் புத்தகம் இருக்கிறது? இல்லாதவர்களுக்கு யார் சாட்சி சொல்வார்கள்?
4. கடனைக் கட்ட முடியாத குடும்பத்துக்கும், சேமிப்பை இழக்கும் குடும்பத்துக்கும் நீதியான ஒரு வழியை நாம் ஒழிப்பாளருக்கு எப்படி எடுத்துச் சொல்லலாம்?
5. அடுத்த கூட்டத்துக்கு முன் ஆணையாளருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?